ஈயும் முன் தெளிதல்: இணையத்தளங்களைச் சோதித்தறியும் முறை

(திருவிழாச் சிறப்புச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருக்கோயிலில் உண்டியல் திறக்கப்படும் காட்சியைப் பலரும் கண்டிருப்பர். பூட்டும் முத்திரையும் குலையாமல் உள்ளனவா என்று முதலில் பார்க்கப்படும். பொறுப்பாளர் பலர் முன்னிலையில் உண்டியல் திறக்கப்படும். காசும் நோட்டும் தனித்தனியே பிரிக்கப்பட்டு, ஒருவர் எண்ணியதை மற்றொருவர் மீண்டும் எண்ணிக் கணக்கில் பதிவர். எண்ணுகின்ற தொண்டர்கள் யாவரும் நாணயமானவர்களே. ஆயினும், "எங்கள்மீது நம்பிக்கை இல்லையா?" என்று அவர்களுள் எவரும் முகம் சுளிப்பதில்லை. ஒருவர் உழைத்து ஈட்டிக் கொடுத்த காசு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது என்பதற்கு அந்தச் சோதனையே சான்று என்பதை அவர்கள் அறிவர். நம்பிக்கைக்கு அச்சோதனை ஒரு வேலி.

உண்டியலைச் சுற்றி இருக்கும் அந்த வேலி, பக்தர்களின் கைப்பேசியைச் சுற்றி இருக்கிறதா என்பதே இந்தச் சொற்பொழிவு எழுப்பும் வினா. முன்பெல்லாம் கோயிலுக்கு நேரில் வந்து சீட்டு வாங்கியவர்கள், இப்பொழுது அர்ச்சனைக்கும் உபயத்துக்கும் அன்னதானத்துக்கும் இணையத்தின் வழியே பணம் செலுத்துகின்றனர். தீபாவளிப் பலகாரம் முதல் தாயகப் பயணச் சீட்டு வரை யாவும் இணையத்தளங்களில் விற்கப்படுகின்றன. வசதி பெருகியுள்ளது, மகிழ்ச்சியே. ஆனால், மக்கள் பணம் கொடுக்கும் இடம் எதுவோ, அந்த இடத்துக்குத் திருடனும் வந்து சேர்வான்.

சிங்கப்பூர்க் காவல்துறையின் கணக்குப்படி, 2024 ஆம் ஆண்டில் மட்டும் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின. இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்குக் குறையாது. அவற்றுள் பெரும்பாலானவற்றில், கள்ளன் பூட்டை உடைத்துப் பணத்தை எடுத்துச் செல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களே தங்கள் கையால் பணத்தை அனுப்பி வைத்தார்கள் என்பது நெஞ்சைச் சுடும் உண்மை. ஓய்வுக்காலச் சேமிப்பு, பிள்ளையின் படிப்புக்கு வைத்த தொகை, மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் என்று இல்லந்தோறும் உள்ள சேமிப்புகளே அவ்வாறு கரைகின்றன.

ஆகவே, "இந்த இணையத்தளம் மோசடியோடு தொடர்புடையதா?" என்ற வினாவை ஒவ்வொருவரும் எழுப்பியே ஆக வேண்டும். அந்த வினாவை எங்கே எழுப்புவது என்பதில்தான் பலர் தவறிவிடுகின்றனர். ஐயம் கொண்ட ஒருவர், தமக்கு வந்த குறுஞ்செய்தியிலேயே உள்ள தொலைபேசி எண்ணை அழைத்து, "இது உண்மையா?" என்று கேட்கிறார். மறுமுனையில் இருப்பவன் தேனொழுகப் பேசி, "உண்மைதான் அம்மா, தயங்காமல் செலுத்துங்கள்" என்கிறான். கேட்டவர் சோதித்துவிட்டதாக எண்ணி மனநிறைவு கொள்கிறார். திருடனிடமே போய், "நீ திருடனா?" என்று கேட்டதற்கு இது ஒப்பாகும்.

எனவே, எல்லாச் சோதனைகளுக்கும் தாயாக விளங்கும் விதி ஒன்றே: சோதிக்கும் வழியைச் சோதிக்கப்படுபவன் காட்டக் கூடாது. அந்த வழியைத் தேடி அறிவது சோதிப்பவரின் பொறுப்பு. தங்கம் வாங்கச் செல்பவர், விற்பவன் நீட்டும் உரைகல்லை மட்டும் நம்புவதில்லை அல்லவா?

இவ்விதியின் அருமையை உணர்த்த ஒரு நிகழ்வு போதும். 2021 ஆம் ஆண்டு டிசம்பரில், சிங்கப்பூரின் வங்கி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்திகள் சென்றன. கணக்கில் சிக்கல் ஏற்பட்டுள்ளது; உடனே இந்த இணைப்பைத் தட்டிச் சரிசெய்க என்பது அவற்றின் சாரம். அச்செய்திகள் வங்கியின் பெயரைத் தாங்கி வந்தன. வங்கி முன்பு அனுப்பிய உண்மையான செய்திகள் வரிசையாக இருந்த அதே இடத்தில், அவற்றுக்குக் கீழேயே வந்து அமர்ந்தன. இணைப்பைத் தட்டியவர்களின் கண்முன் வங்கியின் தளம் போன்றே தோற்றமளித்த போலித் தளம் விரிந்தது. அதில் கடவுச்சொல்லையும் ஒருமுறை மறைச்சொல்லையும் பதித்தோர் தங்கள் சேமிப்பை இழந்தனர். பாதிக்கப்பட்டவர்கள் 790 பேர், பறிபோனது 13.7 மில்லியன் வெள்ளி. அந்த வங்கி நல்லெண்ண அடிப்படையில் அவர்களுக்கு இழப்பை ஈடுசெய்தது. எல்லா மோசடிக்கும் அவ்வாறு ஈடு கிடைப்பதில்லை.

அந்த 790 பேரும் அறிவிலிகள் அல்லர். அவர்கள் பெயரைப் பார்த்தனர், தோற்றத்தைப் பார்த்தனர், இரண்டும் சரியாகவே இருந்தன. ஆனால், அவர்கள் சென்ற வழி திருடன் வகுத்த வழியாக இருந்தது. அவ்விணைப்பைத் தொடாமல், வங்கியின் செயலியைத் தாமாகவே திறந்திருந்தால், அல்லது வங்கி அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்ட எண்ணை அழைத்திருந்தால், ஒரு காசும் போயிருக்காது. இந்நிகழ்வுக்குப் பின், 2022 ஆம் ஆண்டு ஜனவரியில், சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் கூடி, வங்கிகள் தனிப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் தட்டக்கூடிய இணைப்புகளை நீக்க ஏற்பாடு செய்தன. 2023 ஆம் ஆண்டு ஜனவரி இறுதி முதல், பதிவு செய்யப்படாத பெயர்களில் வரும் குறுஞ்செய்திகள் மோசடியாக இருக்கலாம் என்ற எச்சரிக்கைப் பெயரோடு வருகின்றன. வேலிகள் எழுந்துள்ளன, ஆயினும், வீட்டுக்காரர் விழித்திருந்தால்தான் வேலியால் பயன்.

இனி, ஓர் இணையத்தளத்தை எவ்வாறு சோதிப்பது என்பதைப் படிப்படியாகக் காண்போர்க்கு முதற்படியாக அமைவது அதன் முகவரி. அஞ்சல் உறையில் முகவரி எழுதும்போது வீட்டு எண், தெரு, ஊர், நாடு என்று எழுதுவது வழக்கம். எந்த நாடு, எந்த ஊர் என்பதை அறிய முகவரியின் கடைசியைப் பார்க்க வேண்டும். இணைய முகவரியும் அத்தகையதே. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோடுகளை விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதல் சாய்கோடு வரை உள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, அதனை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். சிங்கப்பூர் அரசாங்கத் தளங்களின் முகவரி பொதுவாக 'ஜிஓவி புள்ளி எஸ்ஜி' என்று முடியும். இதை அறிந்த மோசடிக்காரன், 'கோயில் புள்ளி ஜிஓவி புள்ளி எஸ்ஜி புள்ளி நன்கொடை-விரைவு புள்ளி காம்' என்றொரு முகவரியை உண்டாக்குகிறான். இடமிருந்து படிப்பவர் கண்ணில் அரசாங்கப் பெயர் படுகிறது. வலமிருந்து படிப்பவரோ, இது 'நன்கொடை-விரைவு புள்ளி காம்' என்பவனின் வீடு என்பதை உடனே அறிந்துகொள்கிறார். முன்னால் உள்ளவை யாவும் அவன் தன் வீட்டு வாசலில் மாட்டிவைத்த பலகைகளே. 'காம் புள்ளி எஸ்ஜி' போன்று முடியும் முகவரிகளில், அதற்கு முந்திய சொல்லையும் சேர்த்துப் படித்தால் உரியவர் யார் என்பது விளங்கும்.

எழுத்திலும் ஏமாற்று உண்டு. தமிழறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. தமிழ் எண்ணாகிய ௭, எழுத்தாகிய எ. எண்ணாகிய ௮, எழுத்தாகிய அ. இவற்றைப் பக்கத்தில் வைத்தாலும் பலருக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை வெவ்வேறு குறிகள். அதுபோலவே, ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்துகள் சில, ஆங்கில எழுத்துகளை அப்படியே ஒத்திருக்கின்றன. 2017 ஆம் ஆண்டில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், உலகப் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் பெயரைப் போலவே தோன்றும் முகவரியைச் சிரிலிக் எழுத்துகளாலேயே பதிவு செய்து காட்டினார். அதன்பின் உலாவிகள் திருத்தப்பட்டன. ஆயினும், ஓரெழுத்தைக் கூட்டியும் குறைத்தும், 'ஓ' என்னும் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சுழியம் இட்டும் ஏமாற்றுவது ஓயவில்லை. கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்பதால், அடிக்கடி செல்லும் வங்கி, கோயில், அரசாங்கத் தளங்களின் முகவரியை ஒருமுறை சரிபார்த்துக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பான வழி.

அடுத்து, பூட்டுச் சின்னம். உலாவியில் பூட்டுப் படம் தெரிந்தால் அத்தளம் நம்பத்தக்கது என்ற எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. உண்மையில் அச்சின்னம் சொல்வது, கைப்பேசிக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் மற்றவர் படிக்க முடியாது என்பதை மட்டுமே. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா தீயவரா என்பதை அது சொல்வதில்லை. பணப்பெட்டியைப் பூட்டி முத்திரையிட்டு ஒரு கள்வனின் வீட்டுக்கே பத்திரமாக அனுப்பி வைத்தால், வழியில் திருட்டுப் போகாது. ஆனால், பணமும் திரும்பாது. தூண்டில் மோசடித் தளங்கள் அனைத்துமே ஏறக்குறைய இப்பூட்டைப் பெற்றுவிட்டன என்பதை எடுத்துக்காட்டி, கூகல் நிறுவனம் 2023 ஆம் ஆண்டு செப்டம்பரில் தன் குரோம் உலாவியிலிருந்து பூட்டுச் சின்னத்தை அகற்றியது.

மூன்றாவது, தளத்தின் வயது. இணைய முகவரி ஒவ்வொன்றும் எந்நாளில் பதிவு செய்யப்பட்டது என்பதைப் பொதுமக்கள் பார்க்க இயலும். 'ஹூ இஸ்' எனப்படும் பதிவேட்டுத் தேடல் அதற்கெனவே உள்ளது. உரிமையாளரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும், பதிவு செய்த நாள் பொதுவாகக் காணக் கிடைக்கும். "25 ஆண்டுகளாக மக்கள் சேவையில்" என்று முழங்கும் ஒரு தளம், மூன்று வாரங்களுக்கு முன்பு பதிவானது என்றால், அந்த முழக்கத்தின் பொருள் விளங்கிவிடும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் 'இணைய ஆவணகம்' 1996 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஒரு தளம் முற்காலத்தில் எவ்வாறு இருந்தது என்பதை அங்கே காணலாம். புதிய தளங்கள் யாவும் போலி என்பது இதன் பொருளன்று. நேற்றுத் திறந்த கடையிலும் நாணயம் இருக்கலாம். ஆனால், வயதைப் பற்றிப் பொய் சொல்பவன் மற்றவற்றில் மெய் சொல்வான் என்று எதிர்பார்க்க இயலாது.

நான்காவது, காவலர்களைக் கேட்டறிதல். சிங்கப்பூரில் தேசிய குற்றத் தடுப்பு மன்றத்தின் 'ஸ்கேம்ஷீல்ட்' செயலி 2020 ஆம் ஆண்டு நவம்பரில் அறிமுகமானது. ஐயத்துக்குரிய இணைய முகவரி, தொலைபேசி எண், செய்தி ஆகியவற்றை அதில் இட்டுச் சோதிக்கலாம். செயலியைப் பயன்படுத்தத் தெரியாத மூத்தோர்க்கு 1799 என்ற உதவி எண் உள்ளது. 2024 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்தச் சேவை இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. முதலீடு பற்றிய தளமாயின், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் அதன் பெயர் உண்டா என்றும், முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஓர் இணைப்பைப் பல பாதுகாப்பு நிறுவனங்களின் கருவிகளைக் கொண்டு ஒருசேரச் சோதிக்கும் 'வைரஸ் டோட்டல்' என்ற தளமும் 2004 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது.

கடலுக்கு அப்பால் ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் உறவினர் உள்ளோர் பலர். மலேசியக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில், பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் இட்டு, அவற்றின்மீது புகார் உள்ளதா என்று பார்க்கலாம். பேங்க் நெகாராவும் மலேசியப் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்களை வெளியிட்டு வருகின்றன. மோசடிக்கு ஆளானோர் அழைப்பதற்காக, 997 என்ற எண்ணுடன் தேசிய மோசடி நடவடிக்கை மையம் 2022 ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே தொடங்கப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. எச்சரிக்கைப் பட்டியல் என்பது அகப்பட்ட கள்வர்களின் பட்டியல். அகப்படாத கள்வன் அதில் இருக்க மாட்டான். இன்று காலை தோன்றிய போலித் தளத்தின்மீது இன்று மாலைவரை எவரும் புகார் கொடுத்திருக்க மாட்டார். ஆகவே, பட்டியலில் பெயர் இருந்தால் விலகிவிட வேண்டும்; பெயர் இல்லையென்றால் மற்றச் சோதனைகளைத் தொடர வேண்டும். "தேடிப் பார்த்தேன், தீங்கு ஒன்றும் இல்லை" என்று ஒரே சோதனையோடு நிறுத்திக்கொள்வோரே பெரும்பாலும் ஏமாறுகின்றனர்.

கோயில் நன்கொடைக்கும் இவை யாவும் பொருந்தும். குடமுழுக்கு, திருப்பணி, அன்னதானம் என்று தெய்வத்தின் பெயரைச் சொல்லி ஒரு செய்தி வந்தால், அதை ஐயுறுவது பாவமோ என்று சில தாய்மார்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சமே மோசடிக்காரனின் மூலதனம். சிங்கப்பூரில் அறநிறுவனங்களின் பதிவு விவரங்களை அறநிறுவன ஆணையரின் தளத்தில் எவரும் காணலாம். கோயில் அலுவலகத்தின் எண்ணைப் பழைய ரசீதிலோ திருவிழா அழைப்பிதழிலோ பார்த்து, அழைத்துக் கேட்கலாம். கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்துப் பேநவ் வழியாகச் செலுத்துவோர், பணம் பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும்போது, அது கோயிலின் பெயர்தானா என்று நின்று படிக்க வேண்டும். தனிமனிதர் ஒருவரின் பெயர் தோன்றினால், கையை எடுத்துவிட வேண்டும். இவ்வாறு சோதித்துக் கொடுப்பவரால் கோயிலின் நற்பெயரும் காக்கப்படுகிறது. கோயில் அலுவலகத்தில் இருப்போரும், சோதித்துக் கேட்பவரை முகமலர்ச்சியோடு வரவேற்றல் கடமையாகும்.

எல்லாச் சோதனையிலும் தேறிவிட்ட தளம் கூட, சில வேளைகளில் கள்வர் கைப்பற்றிய நல்ல தளமாக இருக்கலாம். அப்பொழுது கைகொடுக்கும் கடைசிச் சோதனை, அத்தளம் எதைக் கேட்கிறது என்று பார்ப்பது. பலகாரம் விற்கும் தளத்துக்கு வங்கியின் ஒருமுறை மறைச்சொல் எதற்கு? நன்கொடை வாங்கும் தளத்துக்கு, அதிகாரபூர்வக் கடையில் இல்லாத செயலியைக் கைப்பேசியில் பதிக்கும் வேலை எதற்கு? 2023 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பலர், சமூக ஊடக விளம்பரத்தில் கண்ட உணவுப் பொருளை வாங்க விரும்பி, விற்பவர் அனுப்பிய செயலியைப் பதித்தனர். அச்செயலி கைப்பேசியையே கள்வனின் கைக்கு மாற்றியது. அதன் விளைவாக, 2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகல் நிறுவனம் அத்தகைய செயலிகளைத் தடுக்கும் முயற்சியைச் சிங்கப்பூரில்தான் முதன்முதலாக வெள்ளோட்டம் விட்டது. கேட்கும் பொருளும் செய்யும் தொழிலும் பொருந்தவில்லையென்றால், தளம் எவ்வளவு அழகாக இருப்பினும் வெளியேறுவதே அறிவுடைமை.

அவசரப்படுத்துவதும் அத்தகைய ஓர் அடையாளமே. "இன்னும் பத்து நிமிடத்தில் கணக்கு முடக்கப்படும்", "கடைசி மூன்று இடங்களே உள்ளன" என்று விரட்டுவதன் நோக்கம், சோதிப்பதற்கு நேரம் கொடுக்காமல் இருப்பது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று முன்னோர் சொன்னதில், ஆழம் பார்க்கும் அளவுக்கு நின்று நிதானிக்க வேண்டும் என்ற அறிவுரையும் அடங்கியுள்ளது. திருவள்ளுவர் தம் நூலின் 51 ஆம் அதிகாரத்துக்குத் 'தெரிந்து தெளிதல்' என்று பெயரிட்டார். தெரிதல் முதலில், தெளிதல் பின்னர். அந்த வரிசையை மாற்ற முயல்பவனே மோசடிக்காரன்.

இத்தனைக்கும் பின்னர் ஒருவர் ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? முதற்காரியம், வங்கியை உடனே அழைப்பது. சிங்கப்பூரின் பெரிய வங்கிகளில், கணக்கைத் தாமே உடனடியாக முடக்கும் வசதி 2022 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டது. அடுத்து, காவல்துறையிடம் புகார் அளிப்பது. நிமிடங்கள் செல்லச் செல்லப் பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். ஆனால், பலர் அந்த நேரத்தை வெட்கத்தில் கழித்துவிடுகின்றனர். "மகன் திட்டுவானோ, மருமகள் என்ன நினைப்பாளோ" என்று மறைக்கும் ஒவ்வொரு நாளும் கள்வனுக்கு ஆதாயம். மறைத்தவர்களைத் தேடி மற்றொரு வலையும் வருகிறது: இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி, முன்பணம் கேட்கும் தளங்கள். புண்பட்ட இடத்திலேயே மீண்டும் அடிக்கும் கொடுமை அது.

ஆகையால், இளையோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். தாயோ தந்தையோ கைப்பேசியை நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்" என்று கேட்கும்போது, "இதுகூடத் தெரியாதா அம்மா?" என்று எரிந்து விழுந்தால், அடுத்த முறை அவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்காத அந்த ஒரு முறையில்தான் வாழ்நாள் சேமிப்பு பறிபோகும். பொறுமையோடு அமர்ந்து, முகவரியை வலமிருந்து படித்துக் காட்டி, 1799 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கும் பிள்ளை, பெற்றோர்க்குச் செய்யும் தொண்டு சிறிதன்று. மூத்தோரும், கேட்பதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. உண்டியலை எண்ணும்போது இரண்டாமவர் ஒருவர் உடனிருப்பது போலவே, பெருந்தொகை அனுப்பும்போதும் இரண்டாமவர் ஒருவரின் கண் பட்டபின் அனுப்புவது என்ற வழக்கம் ஒவ்வோர் இல்லத்திலும் ஏற்பட வேண்டும்.

கொடுக்கும் கரம் தளரக் கூடாது. கொடுத்தது கள்வன் கையில் சேரவும் கூடாது. வழியைத் தாமே தேடி, முகவரியை வலமிருந்து படித்து, வயதை அறிந்து, காவலரைக் கேட்டு, கேட்கப்படும் பொருளை எண்ணிப் பார்த்து, அதன்பின் மனமுவந்து ஈவோரின் கொடை நிறைவானது. திருவிழாவுக்கு வந்திருக்கும் குடும்பங்கள் யாவும் பெற்ற செல்வத்தைப் பேணி, நல்வழியில் ஈந்து, நலமுடன் வாழ்க!